பனியில் அணைத்து வைத்த பிரேக்

கனடாவில் நான் இருக்கும் மலையூரின் எல்லையில் ஒரு போர்டு நிற்கிறது. லாரிக்காரர்கள் எஞ்சின் பிரேக் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். தினமும் வேலைக்குப் போகும்போது அதைக் கடக்கிறேன். மூன்று வருடமாகியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நம்மூரில் லாரிக்கு லாரி முதுகில் ‘ஒலி எழுப்புக’ என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். சத்தம் போடச் சொல்லிக் கெஞ்சும் ஊரிலிருந்து, சத்தம் போட்டால் அபராதம் என்று மிரட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான்.

சொந்த ஊர் தேவகோட்டை. காரைக்குடியில் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டினேன். இங்கே டேவ் என்பவரிடம் வேலை. மண் தோண்டும் சின்ன எந்திரங்களை அவர் வாடகைக்கு விடுகிறார். அவற்றை டிரெய்லரில் ஏற்றி, டீசல் பிக்கப்பின் பின்னால் மாட்டி, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க வேண்டும். என் விசா அவர் கம்பெனியோடு கட்டப்பட்டது. அவர் போ என்றால் நான் போக வேண்டியதுதான். தேவகோட்டையில் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் என் மனைவி மும்தாஜும் மகளும் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

பிக்கப்பில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், புகை வெளியேறும் வழி அடைபட்டு எஞ்சின் உறுமிக்கொண்டு திணறும். அந்தத் திணறலில் வண்டி தானாக வேகம் குறையும். நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கைச் சூடேறாமல் காப்பாற்றும் நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது பிடிப்பது எஞ்சின் ஓட்டும் சக்கரங்களை மட்டுமே. டிரெய்லரின் சக்கரங்கள் அதன் பேச்சைக் கேட்காது. காய்ந்த ரோட்டில் கவலையில்லை. பனி உறைந்த ரோட்டில் பிக்கப்பின் சக்கரம் வழுக்கினால், பின்னால் வரும் இரும்பு சும்மா வருமா? முட்டித் தள்ளி வண்டியையே மடக்கிப் போடும். டேவின் கம்பெனி விதியோ ஒரே வரி: டிரெய்லர் மாட்டினால் பொத்தான் எப்போதும் போட்டிருக்க வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு நாள், விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் பெரிய லாரிகள் நின்று பிரேக் பார்த்துக்கொள்ள ஓர் ஒதுக்குப்புறம் உண்டு. பிக்கப்புகள் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் எப்போதும் நிற்பேன். இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். பட்டால்தான் தெரியும் என்பார்களே, எனக்குப் பட்டிருக்கிறது.

குன்றக்குடியை விட்டால் மலை என்று சொல்லிக்கொள்ள எங்கள் சீமையில் என்ன இருக்கிறது? மேம்பாலத்தில் ஏறி இறங்குவதுதான் எங்கள் ஏற்ற இறக்கம். பாலத்தில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவோம். அதே கெட்ட பழக்கத்தோடுதான், ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டி முண்டக்கயம் இறக்கத்தில் இறங்கினேன். உச்சியில் ரோட்டோரம் ஒரு கோயில் இருந்தது. எந்த மதத்து டிரைவரும் அங்கே நிறுத்தி உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் இறங்குவார். காசு சாமிக்கு, நிற்கிற பத்து நிமிடம் பிரேக்குக்கு. அன்று நான் அவசரத்தில் நிற்கவில்லை. நாலாவது வளைவில் கருகல் வாடை வந்தது. ஆறாவது வளைவில் பெடல் தரையைத் தொட்டது. மண்மேட்டில் கொண்டுபோய்ச் சொருகினேன். டைல்ஸ் எல்லாம் தூள். நான் முழுசாக இருந்தேன். அன்று பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை, விடவும் வேண்டாம்.

கனடா உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது டேவ் போன் செய்தார். என் வண்டி நிற்பதும் பொத்தான் அணைந்திருப்பதும் அவர் கம்ப்யூட்டரில் தெரிந்திருக்கிறது. பொத்தான் எங்கே இருக்கிறது, அதில் என்ன படம் போட்டிருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். தெரியும், ஐஸில் போடமாட்டேன் என்றேன். சத்தம் போடாதே என்ற போர்டுக்குப் பயந்துதான் அணைத்தேன் என்று அவராக நினைத்துக்கொண்டு, அது ஊர் எல்லைக்குள்தான் என்று விளக்கினார். பிறகு போடு என்று உத்தரவிட்டார். முடியாது என்றேன். முதலாளியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. சின்ன கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, டிரெய்லர் பிரேக்கைக் கையால் தனியே லேசாகப் பிடித்து, பின்னால் ஹாரன் அடித்தவர்களை அடிக்க விட்டு, இறங்கிச் சேர்ந்தேன்.

திரும்பியபோது ஒரு காகிதம் தயாராக இருந்தது. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தத் தெரியாததால் விதியை மீறினேன், இனி மீறமாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம்.

உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மும்தாஜிடம் போனில் அப்படியே சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

“கையெழுத்துப் போட்டுட்டா, பனி பேஞ்ச அன்னைக்கும் அதப் போட்டுத்தானே ஓட்டணும்?”

“ஆமா.”

“அப்ப எங்கள எதுக்கு அங்குட்டு வரச் சொல்றீக? உங்க மவுத்துக்கு வந்து அழுகவா?”

திங்கட்கிழமை அந்த வரிகளைக் குறுக்கே அடித்தேன். ‘எனக்குத் தெரியும். காய்ந்த ரோட்டில் போடுவேன். ஐஸில் போடமாட்டேன்’ என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். இது என்ன கிறுக்கல் என்று டேவ் கேட்டார். என் பெயர் என்றேன். அவர் காகிதத்தையும் ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக் கிடந்த ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வண்டிச் சாவியை மேசையில் என் பக்கம் தள்ளினார். பதில் இன்னும் வரவில்லை. வரட்டும். எந்தப் பதில் வந்தாலும் என் பதில் மாறாது.

நேற்று ரோடு காய்ந்திருந்தது. உச்சியில் நின்று சக்கரங்களைப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பொத்தானை நானே போட்டேன். எதிரே ஒருவரும் இல்லாவிட்டாலும், வளைவுக்கு வளைவு, முண்டக்கயம் இறக்கத்தில் அடிப்பதுபோல நீளமாக ஹாரன் அடித்தேன். கீழே ஊர் எல்லைப் போர்டு தெரிந்தது. பொத்தானை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனேன்.