பூனைமீசைக் கசாயம்

எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே பூனைமீசை இலையை அடுப்பில் கொதிக்கப் போட்டுவிடுவேன். ஐந்து வருடம் இதே வேலையாக இருந்தது. ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு நடைவழி முழுக்கக் காலிப் பெயிண்ட் தகரங்களில் அந்தச் செடிதான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று சொல்லாத ஆள் இல்லை. என் கணவருக்கு நெடுநாளாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி.

முதலில் கசாயமும் குடித்தார், கிளினிக் மாத்திரையும் போட்டார். சுங்கை சிப்புட்டில் அவருடைய அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்ப் போய் அலுத்து, ஒருநாள் போயே சேர்ந்துவிட்டார். அதிலிருந்து இவருக்குப் புத்தி மாறிவிட்டது.

"மாத்திர தின்னு தின்னுதான் அண்ணனுக்குக் கிட்னி போச்சி. எனக்கு இந்த எல போதும்லா" என்றார். மாத்திரைகள் பிஸ்கட் டின்னுக்குள் போயின.

நாங்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்து மேனேஜர் துரை பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைக் கழுவி, சாக்கடை ஓரத்தில் சுண்ணாம்பு தெளிப்பார்கள். அவர் கார் திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடிதான். கிளினிக்கையும் இவர் அப்படியே நடத்தினார். தேதிக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் மாத்திரை, பாகற்காய், சீனியில்லாத தேத்தண்ணி. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஒழுங்காக இருக்கும். ஆனால் மூன்று மாத நிலவரத்தைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதற்கு எந்தச் சுண்ணாம்பை அடிப்பது? அது ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார்.

"பாத்தியா, ஏத்திக்கிட்டே போறாங்க" என்று இவர் அதையும் டின்னில் கொட்டுவார்.

டாக்டர் மலாய்ப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். ஒவ்வொரு முறையும் மலாயில் கேட்பார், அங்கிள், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா என்று. திட்டும் குரல் இல்லை. இவர் முதலாவதற்கு இல்லை என்பார், இரண்டாவதற்கு ஆமாம் என்பார். நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள். வீட்டில் இரண்டு முறை சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய், இலையை மட்டும் கொதிக்க வைத்தேன்.

போன மாதம் அவர் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. டாக்டர் ரத்த முடிவை வெகுநேரம் பார்த்தார். சிறுநீரகம் ரொம்பக் கெட்டுவிட்டது, டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும் என்றார். பிறகு வழக்கம்போல அதே கேள்வி. இவர் வாயைத் திறப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டின், இலை, அந்த மூன்று நாள், எதையும் விடவில்லை.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இலை மேல பழி போட மாட்டேன் ஆன்ட்டி. ஆனா மாத்திரைய விட்டதுலதான் இவ்வளவு கெட்டிருக்கு. இப்ப இருக்கற கிட்னிக்கு அந்தக் கசாயமும் ஆகாது, நிறுத்திடுங்க. முன்னாலயே தெரிஞ்சிருந்தா இத்தன சீக்கிரம் வராம பாத்திருக்கலாம்" என்றார்.

வெளியே வந்து மருந்து வாங்கும் இடத்தில் நம்பருக்காக உட்கார்ந்தோம். உள்ளே மானத்தை வாங்கிவிட்டாய் என்று பாய்வார் என எதிர்பார்த்து, பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் முட்டாளு. அண்ணன் மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த. ஒரு தடவயாவது டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார்.