அர்லீன் கோஸ்கியின் முப்பத்தெட்டாவது கார்டு

பதினேழாம் எண் பள்ளிப் பேருந்தைப் பெருக்குவது அதை ஓட்டும் அர்லீன் கோஸ்கிதான். அதற்கென்று பள்ளி நிர்வாகம் சனிக்கிழமைகளில் ஓர் ஆளை அனுப்புகிறது. அவன் வருவதற்குள் பெருக்கப் பஸ்ஸில் ஒன்றும் மிச்சமிருக்காது. கடைசிப் பிள்ளையும் இறங்கி வண்டி, பஸ்கள் நிறுத்தும் கொட்டடிக்கு வந்ததும் அவள் எஞ்சினை அணைப்பாள், எழுந்து பின்பக்கம் வரை நடப்பாள். இந்தப் பக்கம் ஒரு இருக்கை, அந்தப் பக்கம் ஒரு இருக்கை. குனிந்து அடியிலும் பார்ப்பாள். கடைசி ஜன்னலில் ‘காலி’ என்ற பலகையைத் தொங்கவிட்ட பிறகுதான் துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். ஒற்றைக் கையுறை, பாதி கடித்த ஆப்பிள், ஒரு தடவை காகிதத்தில் மடித்து வைத்த பால் பல். பதினொரு வருஷமாக அவள் பஸ்ஸில் நான்தான் உதவியாளர். பக்கத்து வீடும்கூட.

தூங்கிப்போன பிள்ளையை வண்டியிலேயே விட்டுப் பூட்டினால் வேலை போகும். அதனால் எல்லா ஓட்டுநர்களும் பின்னால் நடக்கத்தான் செய்வார்கள். அர்லீன் இரண்டு தடவை நடப்பாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். முதல் தடவை சட்டத்துக்கு என்றாள். இரண்டாவது எதற்கு என்று சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது.

ஒன்பது வயதில், அப்பா முடிவெட்டிக்கொண்டிருந்த கடையில், கிழிந்த அட்டையோடு கிடந்த ஒரு காமிக்ஸை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள். ‘இராக்கொக்கு’. பகலில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் பெண். இருட்டியதும் சாம்பல் நிறச் சிறகு. பறப்பதும் அடிப்பதும் மற்றவர்களுக்கும் வரும். இவள் மட்டும் ஒவ்வொரு இதழின் கடைசியிலும், காப்பாற்றியவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு தலையாக எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதற்கே ஒரு முழுப் பக்கம். சண்டைக்காக வாங்குகிற பையன்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அர்லீன் முதலில் படிப்பதே அந்தப் பக்கத்தைத்தான். இன்றைக்கு ஐம்பத்தாறு வயது. இன்னும் வாங்குகிறாள்.

ஈரி ஏரிக்கரையில் எங்கள் பெல்டன் துறைமுகத்தில் காமிக்ஸ் கிடைக்கும் ஒரே இடம், தூக்குப்பாலத்தை ஒட்டிய லூ பஸ்தோரேயின் கடை. முன்பக்கம் காமிக்ஸ், பின்பக்கம் தூண்டில் புழு. குளிர்பெட்டி ஒன்றுதான் என்பதால் லூவின் மதிய உணவும் புழுக்களோடுதான் இருக்கும். காமிக்ஸ் கதையை வைத்து எந்தப் படம் வந்தாலும் அர்லீன் பார்த்துவிட்டு, சமையல் குறிப்பு எழுதும் கார்டு ஒன்றில் தன் கருத்தை எழுதிக் கொண்டுவருவாள். லூ அதை எல்லோருக்கும் வாசித்துவிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவார். முப்பத்தேழு கார்டுகள் அங்கே இருக்கின்றன. “கடைசி அரை மணிக்கு முன்னால் எழுந்துவிட்டால் நல்ல படம்.” “வில்லனுக்காக ஒரு டிக்கெட் எடுக்கலாம். கதாநாயகனுக்காக வேண்டாம்.” அவளுடைய சொந்த அண்ணன் மகன் வயலின் வாசித்த ஒரு படத்துக்கு “இசை இரைச்சல்” என்று எழுதினாள். அந்த வருஷம் அண்ணன் வீட்டு விருந்துக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்து கார்டைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள் என்றால், அது அந்த விருந்து போனதால் வந்த மரியாதை.

போன வருஷம் அக்டோபரில் ‘இராக்கொக்கு’ படத்தின் இரண்டாம் பாகத்தை எங்கள் பாலத்தில்தான் எடுத்தார்கள். மூன்று வாரம். பாலம் தூக்கும்போது ஒரு பள்ளிப் பேருந்து நுனியில் மாட்டிக்கொள்ள, இராக்கொக்கு பறந்து வந்து பிள்ளைகளை மீட்கும் காட்சி. கூட்டமாக நின்று நடிக்க ஊரில் பாதிப்பேர் போனோம். அர்லீன் போகவில்லை. அந்த மூன்று வாரமும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அவளுக்குக் காலையில் இருபது நிமிஷம் முன்னதாகவே வண்டி எடுக்கும் வேலை. ஆனால் அவள் கணவர் வெர்ன் போனார். பேருந்து ஓட்டுநராக நடிக்க அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

வெர்னுக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். தாதுக் கப்பல்களில் சரக்கு இறக்கும் கிரேனை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். வலது தோள் போய், அறுவைச் சிகிச்சை முடிந்து, இனி ஏணி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து, போகிற கப்பல்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க யாரும் இல்லாதபோதும் சொன்னார். படப்பிடிப்புக்குப் போய் வந்த பிறகு ஊரே அவரை ‘ஹாலிவுட்’ என்று கூப்பிட்டது. கூப்பிடாதே என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். ஒரு வருஷம் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தார்.

இந்த நவம்பரில், ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஊரின் ஒரே தியேட்டரில் முதல் காட்சி. பாலம் திரையில் வந்ததும் கத்தினோம். லூவின் புழுக்கடைப் பெயர்ப்பலகை வந்ததும் இன்னும் கத்தினோம். அப்புறம் பேருந்து. சாய்ந்த வண்டியின் கதவு திறக்கிறது, சீருடைத் தொப்பியோடு வெர்ன். தியேட்டர் முழுக்க அவர் பெயர்தான். வாயைத் திறந்தபடி வண்டியிலிருந்து குதித்து எங்களை நோக்கி ஓடிவருகிறார். நான்கு வினாடி இருக்கும். அவருக்குப் பின்னால், உள்ளே, பிள்ளைகள்.

மூன்றாவது வரிசையில் எங்கள் கொட்டடி ஓட்டுநர்கள் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கைதட்டல்தான் முதலில் நின்றது. ஒன்பதாம் எண் பஸ் ஓட்டும் டார்சி, தனக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னாள்: “டிரைவரா முதல்ல இறங்குறான்?” யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் அர்லீன், அவளுக்கு அந்தப் பக்கம் வெர்ன். அவருக்குக் கேட்டது.

அதன் பிறகு இராக்கொக்கு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வந்து கரையில் விட்டாள். ஒரு நகைச்சுவை சொன்னாள். பறந்துபோனாள். எண்ணவில்லை. அர்லீன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது யாரும் எழவில்லை. இருநூறு பேரும் வெர்ன் கோஸ்கி என்ற பெயருக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. கூட்டத்தில் நடித்தவர்களுக்குப் பெயர் போடமாட்டார்களாம். ஊருக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. அதற்குத் தட்டினோம்.

மறுநாள் காலை கொட்டடியில் மற்ற ஓட்டுநர்கள் அர்லீனைச் சும்மா விடவில்லை. வீட்டில் தீப்பிடித்தால் வெர்ன் எந்த ஜன்னல் வழியாகக் குதிப்பார் என்று ஒருவன் கேட்டான். டார்சி இன்னும் ஒரு படி மேலே போய், அவருக்கு ‘காலி’ பலகை ஒன்று பரிசாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அர்லீன் டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் லூ தொலைபேசியில் கூப்பிட்டார். தியேட்டர்காரர் அர்லீனுடைய கார்டிலிருந்து ஒரு வரி எடுத்து விளம்பரம் போட ஆசைப்படுகிறாராம். நம் ஊர்ப் படம், வீட்டு மனுஷன் வேறு நடித்திருக்கிறார், இந்த ஒரு தடவை சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டால் என்ன என்றார். சனிக்கிழமை கார்டு வரும் என்று மட்டும் சொல்லி அர்லீன் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, இரவல் வாங்கிய ரொட்டித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அர்லீன் சமையலறை மேசையில் எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். வெர்ன் ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியை வெட்டி எனக்கும் ஒரு துண்டு வைத்தார். பிறகு கையை நீட்டினார். லூவுக்கு முன்னால் யாருக்கும் கார்டைக் காட்டாதவள், அன்றைக்குக் கொடுத்தாள். அவர் படித்து முடித்ததும் நானும் வாங்கிப் படித்தேன்.

“இராக்கொக்கு, இரண்டாம் பாகம். சிறகு இவ்வளவு நன்றாக எந்தப் படத்திலும் வந்ததில்லை. நனைந்தால் கனக்கிறது, அந்தக் கனம் அவள் முதுகில் தெரிகிறது. அம்மா சாகும் காட்சியில் இசையை நிறுத்தத் தெரிந்தவருக்கு நன்றி. வில்லன் பேசிக்கொண்டே இருக்கிறான். எங்கள் பாலம் அழகு. ஆனால் அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு எண்ணாமல் போகிறாள். எண்ணாமல் போகிறவள் வேறு யாரோ, இராக்கொக்கு இல்லை. ஓட்டுநர் முதலில் இறங்குகிறார். எந்த ஓட்டுநரும் அப்படி இறங்கமாட்டார். முதல் பாகத்தை இன்னொரு தடவை பாருங்கள்.”

“டிரைவர்னு மட்டும் போட்டிருக்க,” என்றார் வெர்ன். “என் பேரு இல்ல.”

“படத்துலயும் இல்ல.”

அவர் ரொட்டிக் கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“மூணாவது தடவை எடுக்கும்போது நான் பின்னால போனேன், அர்லீன்.”

அப்புறம் நடந்ததைச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் சொன்னபடியே குதித்திருக்கிறார். மூன்றாவது தடவை கதவு திறந்ததும் கால் வரவில்லை. பஸ் கொட்டடிக்காரி ஒருத்தியோடு முப்பது வருஷம் சாப்பிட்டு எழுந்தவருக்கு எப்படி வரும். திரும்பி, சாய்ந்துகிடந்த வண்டியில் நல்ல கையால் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பார்த்தபடி கடைசி வரை போயிருக்கிறார். வெளியே செயற்கை மழை கொட்டுகிறது, நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி வைத்திருந்த ஒரு பெண் பிள்ளைகளுக்கு முன்னாலேயே அவரைத் திட்டித் தீர்த்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் தொப்பியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாளாம். நாலாவது தடவை குதித்தார். அதுதான் படத்தில் இருக்கிறது.

“ஒரு வருஷமா ஏன் சொல்லல?” என்றாள் அர்லீன்.

“அம்பத்தொம்போது வயசுல திட்டு வாங்கிட்டு வந்தேன்னா சொல்றது?”

அர்லீன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “எத்தன பேர் இருந்தாங்க?”

“இருபத்திரெண்டு. அதுல மூணு பொம்ம.”

“பொம்மயயும் எண்ணினியா?”

“ஜாக்கெட் போட்டிருந்துச்சு. கிட்டப் போனாத்தானே தெரியும்.”

நான்தான் முதலில் சிரித்தேன். அர்லீன் சிரித்து அடங்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டை என் கையிலிருந்து வாங்கினாள். பேனாவைத் திறந்து ஒரு வரியாவது சேர்ப்பாள் என்று நினைத்தேன். கார்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். “திரையில பாத்ததுதான் கார்டு,” என்றாள். “மாத்தச் சொல்லி நான் கேக்கலயே,” என்று வெர்ன் கார் சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

லூவின் கடையில் பதினைந்து பேராவது இருப்பார்கள். புழு வாங்க வந்த இரண்டு மீன்பிடிகாரர்கள்கூட நின்றுவிட்டார்கள். டார்சி கதவோரம் சாய்ந்திருந்தாள். லூ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் உரக்க வாசித்தார். ‘எண்ணாமல் போகிறாள்’ என்ற இடத்தில் பழைய காமிக்ஸ் வாசகர்கள் தலையாட்டினார்கள். ஓட்டுநரைப் பற்றிய வரியை லூ முதலில் கண்ணால் படித்துவிட்டு அர்லீனைப் பார்த்தார். அவள் வாசிக்கச் சொல்லித் தலையசைத்தாள். வாசித்தார். கடையில் எல்லோரும் வெர்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். வெர்ன் தூண்டில் முள் பாக்கெட் ஒன்றை ஆணியிலிருந்து எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

கார்டைக் கொடுத்தால் திரும்பிப் போய்விடுகிறவள் அர்லீன். இருபத்தாறு வருஷத்தில் அதற்குமேல் அந்தக் கடையில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு நின்றாள்.

“இன்னொன்னு இருக்கு. கார்டுல எழுதல, ஏன்னா அது படத்துல இல்ல. மூணாவது தடவை எடுத்தப்போ இவரு இறங்கல. பின்னால போனாரு. ஒவ்வொரு சீட்டா பாத்துக்கிட்டே போய் இருபத்திரெண்டு பேரையும் எண்ணினாரு. அதுக்குத் திட்டினாங்க. அத வெட்டிட்டாங்க.” டார்சியின் பக்கம் திரும்பினாள். “படம் முழுக்க இராக்கொக்கு வேலையச் செஞ்சது ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு என் வீட்டுல இருக்காரு.”

யாரும் கைதட்டவில்லை. லூவின் கடையில் அதற்குப் பழக்கமில்லை. புழு வாங்க வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அர்லீன் பக்கத்தில் நின்ற எனக்கு, அவள் காது மடல் சிவந்திருந்தது தெரிந்தது. வெட்கமாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அது பெருமை என்றே நினைக்கிறேன். லூ கார்டை முப்பத்தேழாவதற்குப் பக்கத்தில் செருகி, மேசைக் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தினார்.

“வெர்ன்,” என்றார், “அந்த மூணாவது தடவை எடுத்தத அவங்க தூக்கிப் போட்டிருப்பாங்களா, இல்ல எங்கயாவது வெச்சிருப்பாங்களா?”

“வெச்சா என்ன, போட்டா என்ன, எண்ணினது எண்ணினதுதான்,” என்று வெர்ன் முள் பாக்கெட்டை ஆணியில் மாட்டினார். மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். டார்சி சாய்ந்திருந்ததை விட்டு நிமிர்ந்து, கதவைத் திறந்து பிடித்தாள். அவர் வெளியே போனார்.