அப்பா மாற்றாத மணிக்கூடு

“இருட்டத் தொடங்கினால் நீ படிப்பை விட்டிடுவாய். நவம்பர் தாண்டாது.”

அண்ணை இதைச் சொன்னது போன வருடம் செப்டெம்பரில். பார்மசி டெக்னீசியன் படிப்புக்கு மூன்றாவது முறையாகப் பெயர் பதிந்துவிட்டு வந்த அன்று. கோபம் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நவம்பரில்தானே விட்டேன்?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பெருமையாகவே சொல்கிறேன். அப்பா ஒன்பது வயதில் கடலுக்குப் போனவர். அண்ணை எட்டாம் வகுப்போடு சரி. நான் பாதியில் விட்டால் அது என் தோல்வி மட்டும் இல்லை. போதாததற்கு, இந்த முறையும் விட்டால் இனிச் சேர்க்க மாட்டோம் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள்.

லண்டன் இலையுதிர்காலம் உங்களுக்குத் தெரியாததா? நாலரைக்கே இருட்டு. கிங்ஸ்பரியில் மருந்துக் கடை வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிட்டு, போர்வைக்குள் காலை விட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறப்பேன். ஒரே பக்கத்தை நாலு தரம் வாசித்தாலும் ஏறாது. சும்மா அழுகை வரும். எனக்கு மூளை போதாது என்று நானே தீர்ப்பும் சொல்லிவிடுவேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மணிக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒக்டோபர் கடைசியில் நாடே நேரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும். அப்பா மட்டும் தள்ள மாட்டார். “சூரியனைக் கேட்டே மாத்தினவங்கள்? நான் மாத்தன்” என்பார். அதனால் மார்ச் வரை எங்கள் ஹாலில் எப்போதும் ஒரு மணி கூட. கழித்துப் பார்க்க எல்லோரும் பழகிவிட்டோம்.

பழகி என்ன... போன வருடம் நேரம் மாறிய மறுநாள், திங்கட்கிழமை, கண் விழித்து ஹாலுக்கு வந்தால் எட்டு முப்பத்தைந்து! கழிக்க மறந்துவிட்டேன். சீப்பால் தலை இழுக்காமல், தேநீர் குடிக்காமல் ஓடினேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள். அப்போது எட்டு மணிகூட ஆகவில்லை.

வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. அண்ணை ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், சிரிப்பார். பக்கத்துப் பார்க்குக்குப் போனேன். பெஞ்ச் ஈரம். கைப்பையில் கிடந்த பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்தேன். மரத்துக்கு மேலால் வெயில் வந்தது... சூடில்லாத வெயில்தான். ஆனாலும் வெயில். வேறு வேலை இல்லாததால் புத்தகத்தை எடுத்தேன்.

ஏறியது! நாலு நாளாக ஏறாத அத்தியாயம்.

மூளையில் குறை இல்லை. வெளிச்சமே இல்லாத நேரத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து வேண்டுமென்றே அப்பாவின் நேரத்துக்குப் புறப்பட்டேன். இருபது நிமிட நடை, பிறகு படிப்பு. மழை என்றால் பஸ் தரிப்பிடம். இரவில் புத்தகத்தைத் தொடுவதில்லை. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் முதலாம் தேதி புத்தகத்தை அண்ணையின் முன்னால் வைத்தேன்.

“ஜனவரியும் இருட்டுத்தான்” என்றார்.

ஜூனில் முதல் வருடம் பாஸ். சான்றிதழை பிரேம் போட்டு, அந்த மணிக்கூட்டுக்குக் கீழே ஆணி அடித்தவர் அண்ணைதான். கொஞ்சம் சரிவாக.

இந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்கு ஓர் அன்ரி வந்தார். விடிய முன்னம் ஒபிஸ் துப்புரவு செய்யப் போகிறவர். திரும்பி வந்து கர்ட்டனை மூடிவிட்டுப் படுத்தால், எழும்பும்போது இருட்டு. சந்தோஷமே இல்லை என்றார்.

“இதுக்கு ஏதும் குளிசை இருக்கோ பிள்ளை?”

கிழமைக்கணக்கில் இப்படியே இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னேன். பிறகு கேட்டேன்: “கடைசியாய் எப்ப வெயிலில நடந்தனீங்கள்?”

விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

“ஓகஸ்ட்ல. ஈலிங் கோயில் தேருக்குப் போகேக்குள்ள.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் என்னைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான்.

இரண்டாம் வருடப் படிப்புக்குப் பெயர் பதிந்து ஆறு கிழமை ஆகிறது. நாளைக்குக் காலையில் துப்புரவு வேலை முடிந்து நேரே பார்க் வாசலுக்கு வருவதாக அன்ரி ஒத்துக்கொண்டிருக்கிறார். கைப்பையில் இரண்டாவது பிளாஸ்டிக் பையும் வைத்தாயிற்று.

சரியாக எட்டு மணிக்கு. எங்கள் வீட்டில் அப்போது ஒன்பது.