ஆரோக்கியசாமியும் அயர்லாந்தில் பார்த்த குடிசையும்

செவ்வாய்க்கிழமை காலை டைம் ஆபீஸில் போன் வந்தது. பெருந்துறையிலிருந்து ஆரோக்கியசாமியின் மருமகன் பேசினார். "மாமா தவறிட்டாருங்க. பேத்தியப் பாக்க வந்தவரு, நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." ரிசீவரை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆரோக்கியசாமியை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். நம் பம்பு கம்பெனியில் வார்ப்புகளைப் பரிசோதிக்கும் பிரிவில் பத்தொன்பது வருடம் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. சின்னச் சுத்தியலால் வார்ப்பைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். "வெடிப்பு கண்ணுக்குத் தெரியாதுங்க. தட்டுனா அதுவே சொல்லிப்போடும்" என்பார். அவர் ஒதுக்கி வைத்ததை ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் கம்பெனி புது இயந்திரம் வாங்கியபோது, அதைப் பழகிவர எங்கள் இருவரையும் ஒரு மாதம் அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ளவர்கள் எங்களை ஒரு காட்சிக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்த நாட்டுக் குடியானவர்கள் முற்காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து திறந்தவெளியில் மறுபடி கட்டி நிறுத்தியிருந்தார்கள். அன்று பொடி மழை. வெள்ளைச் சுவரும் வேய்ந்த கூரையுமாக இருந்த பண்ணைக்காரர் வீட்டில் ஒரு வயதான அம்மாள் ரொட்டி சுட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமி வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிராமத்தின் கடைசியில் கூலிக்காரன் குடிசை. புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய சுவர். ஒரே அறை, ஜன்னல் கிடையாது. அதற்குள் மட்டும் அவர் குனிந்து போனார். உருளைக்கிழங்கு அழுகிப்போன பஞ்சத்தில் இப்படிப்பட்டவர்களை நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள் என்றும், திரும்பி வந்து ஒண்டிவிடாதபடி கூரையையும் பிரித்துப் போட்டார்கள் என்றும் வழிகாட்டிப் பெண் சொன்னாள். இதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். ஒன்பது பேர் என்றாள். சுவரைக் கையால் தடவிக்கொண்டே அவர் தமிழில் சொன்னார்: "நாங்க ஏழு பேருங்க."

வெளியே வந்து ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னார். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் அப்பா சூசை பண்ணையாள். அவர்கள் குடியிருந்த சாளைக் குடிசையும் தோட்டத்துக்காரர் இடத்தில்தான் இருந்தது. கூலி போதவில்லை என்று அப்பா வாய் திறந்த வாரம், எல்லோரும் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கூரையை இழுத்துத் தள்ளிவிட்டார்கள். ஐப்பசி மழை வேறு.

"தங்கச்சி பொறந்து பதினோரு நாளுங்க. புளிய மரத்தடியில வெச்சிருந்தோம். நாலாம் நாளு போயிருச்சு."

குடிசையைக் காட்டி, "இங்க இதயும் மறைக்காம நிறுத்தி வெச்சுக் காட்டறாங்க பாருங்க" என்றார்.

"இத்தன வருஷத்துல எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"நீங்க கேக்கலீங்களே."

எங்கள் தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அப்படி ஒரு சாளை உண்டு. ஒருநாளும் நான் அதற்குள் தலையை நீட்டியதில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பல்லடத்தில் என் மகள் கல்யாணம். முதல் பந்தியில் நானே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்து இலையில், அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமன். "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். இவர் ஊரைச் சொன்னார், அப்பா பெயரையும் சொன்னார். மாமன் முகம் மாறியது.

"சூச பையனா நீ? எந்திரிச்சு வெளிய இரு. அப்பறம் பாத்துக்கலாம்."

இலை போட்டு உப்பு வைத்தாகிவிட்டது. ஆரோக்கியசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நாலு இலை தள்ளித்தான் நின்றிருந்தேன். "அந்தப் பக்கம் தண்ணி வைங்கப்பா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது இலை மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். "அம்மணி நல்லபடியாப் போய்ச் சேந்துச்சுங்களா?" என்று என் மகளைப் பற்றி விசாரித்தார். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்றே எனக்கு நான்கு வருடம் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் உக்கடத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் மனைவி மேரி காபி கொடுத்தார். கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். முடிப்பதற்குள் அவரே சொன்னார்:

"சொன்னாருங்க. மொதப் பந்தியிலயே ஒக்கார வெச்சீங்களாமா. சாப்பாடு அத்தன ருசின்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டே இருந்தாருங்க."

நடந்ததை நான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் எழுந்து வந்தேன்.

எனக்குத் தெரிந்து ஆரோக்கியசாமி சொன்ன ஒரே பொய் அது. தன் வீட்டில் என் மானம் போய்விடக் கூடாது என்று சொன்ன பொய். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.