அரை நாள் கொடுங்கோல்

யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது. கரையோரம் ஆழம் போதாது என்பதால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் பாய்மரத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஒரு தோணியை மேற்பார்க்கும் வேலை எனக்கு. அதில் தலைவராக ஒரு தண்டல், அவருக்குக் கீழே ஒன்பது பேர்.

முதல் நாளே தோணியில் வாந்தி எடுத்தேன். மறுநாள் அது பாட்டாகிவிட்டது. பாய் ஏற்றும்போது அம்பா பாடுவது அங்கே வழக்கம். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம்.

"தொப்பி போட்ட தொரை வாரார் – ஏலேலோ!
தோணியெல்லாம் கக்கி வச்சார் – ஐலசா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது நான் ஓர் இத்தாலிக்காரரைப் படித்துக்கொண்டிருந்தேன். நானூறு வருஷத்துக்கு முந்தி அரசர்களுக்கு யோசனை எழுதியவர். பிரியத்தை நம்பும் அரசனைவிடப் பயமுறுத்தும் அரசன் பிழைத்துக்கொள்வான், அவசியமானால் ஈவிரக்கம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஜனங்களின் வெறுப்பைச் சம்பாதிக்காதே என்றும் எச்சரித்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை எட்டவில்லை. பாதிப் புத்தகத்தோடு ராஜாவாகிவிட்டேன்.

மூன்றாம் நாள் கடைசி நடை. மத்தியானம் கப்பல் கிளம்புகிறது. அதற்குள் வெங்காய மூட்டைகள் ஏறாவிட்டால் நாளைமுதல் ஆபீசுக்கு வர வேண்டாம் என்று மானேஜர் சொல்லியிருந்தார். என் ஆட்சியை அன்றைக்குத்தான் தொடங்கினேன்.

"இனிமே பாட்டு கிடையாது. வாயைத் திறந்தவனுக்கு வேலை கிடையாது" என்று சொல்லி, அடியெடுத்துக் கொடுக்கும் பாட்டுக்காரரைத் துறைமேடையில் இறக்கிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்தார். மற்றவர்கள் கப்சிப். பயம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

தோணியை மேடையிலிருந்து தள்ளிவிட்டு, பாய்க் கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார். பாய் கட்டிய குறுக்குமரம் ஒரு முழம் ஏறி இரண்டு முழம் இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை; பாட்டில்லாமல் சேர்ந்து இழுக்க அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தூரத்தில் கப்பல் புகை விடத் தொடங்கியது.

"என்ன தண்டல், ஏறலையே?"

"அய்யா உத்தரவு போட்டிருக்கிய. நாங்க வாயத் தொறப்பமா?" என்றார் தண்டல், சிரிக்காமல். "பாட்டுக்காரனையும் எறக்கிட்டிய. இனி அய்யாவே பாடினாத்தான் உண்டு."

எனக்குத் தெரிந்த அம்பா ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, தொப்பி போட்ட துரையைப் பாடினேன். தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் கயிறே கைநழுவிவிட்டது.

மேடையில் இருந்த பாட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, அம்பாவைக் கொல்லுதாவளே!" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடலில் குதித்து, நீந்தி வந்து ஏறினார். ஈரக்கையோடு கயிற்றைப் பிடித்து அடியெடுத்தார்:

"பயங்காட்ட வந்த தொரை – ஏலேலோ!
பாட்டுக்காரன் ஆகிப்புட்டார் – ஐலசா!"

பாய் விறுவிறுவென்று ஏறிக் காற்றைப் பிடித்தது. மூட்டைகள் நேரத்தோடு கப்பல் சேர்ந்தன, என் வேலையும் தப்பியது. அன்றைக்கு என்னைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் கடலில் போனதே இல்லை. ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது. திரும்பி வா என்று நான் அவரைக் கூப்பிடவே இல்லை. அவராகத்தான் குதித்து வந்தார்.