கம்பம் நட்டவளும் பிதுக்கம்பருப்பும்

ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் கம்பங்களில் பாதி நான் நட்டவை. குழி தோண்டியது வேறு ஆட்கள், வெயிலில் நின்று கத்தியது நான். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். ஒரு பெட்டி அடுத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும் ரயிலுக்குள் இணையம் கிடைக்கும். நடுவில் ஒரு கிளை நீண்டாலும் போச்சு. ராயக்கோட்டைப் பக்கம் மலையும் வளைவும் அதிகம் என்பதால் எனக்கு ‘மரம் வெட்டச் சொல்ற பொம்பளை’ என்று பெயரே வந்துவிட்டது.

தக்காளித் தோட்டக்காரர் ஒருவர், இதில் தன் போனுக்கும் நெட் வருமா என்று கேட்டார். ரயிலுக்கு மட்டும்தான் என்றேன். ரயில் போவது ஒரு நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் இது சும்மா நின்று என்ன செய்யும் என்றார்.

கம்பங்களுக்காக என்னைவிட அதிகமாகக் காத்திருந்தது ஒரு அக்கா. பெங்களூரில் பில் சரிபார்க்கும் வேலை, வீடு ராயக்கோட்டையில். நானும் ஆபீஸ் போகும் நாட்களில் அதே ரயிலின் பெண்கள் பெட்டியில்தான் போவேன். அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: யூ.கே.ஜி. படிக்கும் மகள் தூங்குவதற்குள் வீடு போய்ச் சேர்வது. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில்தான் மேனேஜருக்கு வேலை ஞாபகம் வரும். ரயிலில் டவர் கிடையாது, ஆகவே முடித்துவிட்டுப் போங்கள் என்பார். முதல் ரயில் போய்விடும். அடுத்ததில் வந்து சேர்ந்தால் பிள்ளை தூங்கியிருக்கும்.

“சீக்கிரம் நடு பாப்பா. நெட் வந்துட்டா மொத ரயில்லயே ஏறி, மிச்ச வேலைய வண்டியிலயே முடிச்சிருவேன்” என்பாள். அவள் கேட்கிறாள் என்பதற்காகவே, ஒரு வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்கும்வரை கம்பத்தை மூன்று இடம் மாற்றினேன்.

பனிக்காலத்தில், அவரைக்காய் வரத்து மும்முரமாக இருக்கும்போது, நெட் வந்தது. எங்கள் பெண்கள் பெட்டியில் அந்தப் பருவத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் அவரைக்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு டப்பாவில் எடுத்துப்போவார்கள். திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து கொட்டை கொட்டையாக அழுத்தித் தோலைப் பிதுக்குவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் மாமியார்களைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் குழம்புக்குப் பிதுக்கம்பருப்பு தயார்.

முதல் வாரம் அக்கா சொன்னபடியே முதல் ரயிலில் வந்தாள். மகளோடு சாப்பிட்டதாகச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியே என்னைக் கொண்டாடியது. ஊரில் நான் வாங்கிய திட்டெல்லாம் மறந்து போனது.

அடுத்த வாரம் மேனேஜர் ரயில் நேரத்திலேயே வீடியோ மீட்டிங் வைத்தார். அக்கா மடியில் டப்பாவை வைத்து, கேமராவுக்குக் கீழே பிதுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். தோள் ஆடுவதைப் பார்த்த மேனேஜர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். விரலுக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் என்றாள் அக்கா, கண்கூட இமைக்காமல். எதிர் சீட்டுப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதர் அதை நம்பி, கம்ப்யூட்டர் வேலை செய்யும் எல்லோருக்கும் அது நல்லது என்று மீட்டிங்கிலேயே சிபாரிசு செய்தாராம்.

சிரிப்பு அதோடு சரி. முதல் ரயிலில் நெட் இருப்பதுபோல இரண்டாவது ரயிலிலும் இருக்கிறது என்பதை மேனேஜர் கண்டுபிடித்தார். ஆபீஸ் வேலையை ஆபீஸில் முடித்துவிட்டு நிதானமாக அடுத்த ரயிலில் போங்கள், அதில் நாளைய வேலையைத் தொடங்கலாமே என்றார். பூனைக்கு மணி கட்டியாகிவிட்டது என்று எலிகளெல்லாம் சேர்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். மணி எங்கள் கழுத்தில் இருந்தது.

பழையபடி அக்கா இரண்டாவது ரயிலில்தான் வருகிறாள். முன்பு அதில் கண்ணையாவது மூடுவாள். இப்போது லேப்டாப் திறந்தே இருக்கிறது. போன வாரம் ராயக்கோட்டையில் நானும் அவளும் ஒன்றாக இறங்கினோம். ஸ்டேஷன் கேட் தாண்டியதும் அவள் போனைப் பார்த்தாள், ரயில் நெட் போயிருந்தது, பஸ் ஸ்டாண்டு வரை அந்த ரோட்டில் போன் டவரும் கிடையாது. நடையை மெதுவாக்கினாள். பிள்ளை இந்நேரம் தூங்கியிருக்கும், வேகமாகப் போய் என்ன ஆகப்போகிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது. மன்னிச்சுக்கோ அக்கா என்றேன்.

“நீ இன்னா பண்ணுவ பாப்பா, நல்லதுக்குத்தான் பண்ண. இந்த ரோட்ல மட்டும் எதும் நட்டுறாத. ஊட்டுக்குப் போற வரைக்கும் என்னை யாரும் கூப்புட முடியாது.”

சரி என்று தலையாட்டினேன். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும், அதே ரோட்டில், போனுக்கும் நெட் வரக் கம்பம் நட எனக்கு ஆர்டர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.