புத்தர் மலையில் வாங்கிய கடிதம்

எங்கள் தோட்டத்து முதலாளிக்குப் பக்தி வந்தது வெள்ளைக்காரத் துரையிடமிருந்து தோட்டத்தை வாங்கிய ஐந்தாவது வருடம். அதற்கு முன்னால் இருபது வருடம் அதே தோட்டத்துக்கு லொறி ஓட்டியவர் அவர். மூட்டை ஏறும்வரை எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் குந்தியிருந்து அம்மா கையால் வெறுந்தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர். ஒரு லொறி மூன்றாகி, மூன்று பத்தாகி, கடைசியில் துரை கப்பல் ஏறியபோது தோட்டமே அவர் கைக்கு வந்தது. தோட்டம் வந்ததும் தேத்தண்ணி குடித்த நினைவு போய்விட்டது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

புத்த ஜயந்திக்கு ஊரெல்லாம் சிலை எழும்பியபோது தன் பெயருக்கு மட்டும் ஒன்றும் எழும்பவில்லையே என்று அவருக்குக் குறையாக இருந்திருக்கிறது. ரத்தோட்டைக்கு மேலே, தேயிலை சரியாக வராத மொட்டை மலை ஒன்று தோட்டத்தில் இருந்தது. விளைகிற மலையை எல்லாம் தனக்கு வைத்துக்கொண்டு, விளையாத மலையைப் புத்தருக்குக் கொடுத்தார். உச்சியில் ஒரு சிலை, அதைச் சுற்றி ஒரு பூந்தோட்டம் என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளிலும், காலையில் வேலைக்குப் பேர் எடுக்கிற பெரட்டுக்களத்தில் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு மணலையும் சீமெந்தையும் சுமக்க விட்டார். அதற்குச் சிரமதானம் என்று பெயர். சிரமம் எங்களுடையது, தானம் அவருடையது.

சிலையைச் செய்தவர் தம்புள்ளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேசன். அதுவரை பணக்கார வீட்டு வாசல்களுக்குச் சிங்கம் செய்து பழகியவர். சாந்தமாக இருக்க வேண்டிய முகத்தில் முதலாளியின் கன்னமும் இரட்டைத் தாடையும் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டன. கூலி கொடுக்கிறவர் தினமும் எதிரே வந்து நின்றால் கை என்ன செய்யும்? தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, முதலாளியைத் தவிர. அவர் சிலையை அண்ணாந்து பார்த்து, முகத்தில் நல்ல களை இருக்கிறது என்று மேசனைப் பாராட்டினாராம்.

இதில் எங்களுக்கு என்ன வேலை என்றால், அப்பாவுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு எங்களைப் போன்றவர்களுக்கு நாடு இல்லை என்றாகிவிட்டது. வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம், விட்டுப்போகாமல் இங்கேயே இருந்தோம் என்று நிரூபிக்கலாம். அப்பா பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்தில்தான். ஆனால் ஆட்களின் பேர் பதிந்த துரை காலத்துச் செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது, கறையானைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நீண்ட நாளாகத் தெரிந்தவர் என்று தோட்ட முதலாளி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் லயத்தில் தேத்தண்ணி குடித்த மனிதர்தானே, ஒரு வார்த்தை எழுத மாட்டாரா என்றார்.

முதலாளி மறுக்கவில்லை. “போயா நாளைக்கு மலைக்கு வா கங்காணி. குடும்பத்தோட வா. எல்லாரும் வெள்ளை உடுத்தி வரணும். அங்க வச்சி எழுதித் தாறேன்,” என்றார். அந்தப் பௌர்ணமியன்றுதான் சிலைத் தோட்டத்துத் திறப்பு விழா. மாத்தளையிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றும் வெள்ளை உடுத்தி ஓரமாய் நின்றால் படத்துக்கு நன்றாயிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அப்பா புல்வெட்டு ஆட்களுக்குச் சில்லறைக் கங்காணி. அம்மா அதே புல்வெட்டுக் காண்ட்ராக்டில் இருபது வருடம் குனிந்து நிமிர்ந்தவள். அவளிடம் வெள்ளைச் சேலையைப் பற்றிச் சொன்னதும் வீட்டில் சண்டை வந்தது.

“நீங்க உசிரோட இருக்கையில நான் வெள்ள கட்டணுமா?”

“கடுதாசிக்குத்தான சொல்றேன். ஒரு நாளைக்குத்தான.”

“அப்ப கடுதாசிக்காக ஒரு நாளைக்குச் செத்துப்போறீங்களா?”

அம்மா பச்சைச் சேலையில்தான் வந்தாள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்கு அப்போது இருபது வயது. மாத்தளையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்துவிட்டு வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். இங்கிலீசும் சிங்களமும் தெரியும். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மலைக்கு நூற்றுச் சொச்சம் படிகள். வாசலில் பூப் பறிக்கக்கூடாது என்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் பலகை வைத்திருந்தார்கள். சுற்றுவட்டத்தில் குடியிருந்த அத்தனை பேரும் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள். எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை போலும் என்று நினைத்துக்கொண்டேன். மேலே ரோசாச் செடிகள் நாலடிக்கு ஒன்றாய், நூல் பிடித்த மாதிரி நின்றன. நட்டவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களுக்குத் தேயிலை நடத்தான் தெரியும். புத்தருக்கு இரண்டு ஏக்கர் ரோசாத் தேயிலை கிடைத்தது.

பெரிய மனிதர்கள் வரத் தாமதமானது. அப்பா விண்ணப்பக் காகிதங்களை மடியில் செருகிக்கொண்டு கொடிமரத்தடியில் விறைப்பாய் நின்றார். அம்மா சிலையைக் கும்பிட்டுவிட்டுப் பீடத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். குந்தினால் அவள் கை சும்மா இராது. துரை காலத்தில் கல் அணைகளிலும் தண்ணீர் ஓடும் கான்களிலும் அரசோ ஆலோ முளைத்துவிட்டால் வேரோடு எடுக்க வேண்டும், ஒன்று விட்டாலும் அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது. கோயில் அரசமரத்தைப் பயபக்தியோடு சுற்றி வருகிற அதே அம்மா, கல்லை ஒட்டி முளைத்த அரசங்கன்றைக் கண்டால் விடவே மாட்டாள். கொய்யாவை மட்டும் பிடுங்கமாட்டாள், பிள்ளைகளுக்கு ஆகும் என்று.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் மடி நிறையப் புல்.

“பூந்தோட்டமாம். புல்லக்கூட ஒழுங்கா வெட்டல,” என்றாள். “பீடத்த ஒட்டி அரசங்கன்னு ஒன்னு நின்னுச்சு. ரெண்டு வருசத்துல கல்லப் பொளந்துடும். வேரு அறாம எடுத்துட்டேன்.”

முந்தின நாள் சுபவேளையில் அனுராதபுரத்திலிருந்து கொண்டுவந்த போதிக் கன்று ஒன்றை அங்கே நட்டிருக்கிறார்கள், விழாவில் முதலாளி அதற்கு நீர் ஊற்றி வேலி அடைக்கப் போகிறார் என்று தோட்டத்துக் கிளார்க் எனக்குச் சொல்லியிருந்தார். அம்மாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேளம் படியேறி வந்துவிட்டது.

முன்னால் விகாரைத் தலைமைப் பிக்குவான வயதான நாயக்க தேரர், கண்ணில் புரை விழுந்தவர், ஒருவர் கையைப் பிடித்து நடந்து வந்தார். பின்னால் வெள்ளிச் செம்போடு முதலாளி. அவருக்குப் பின்னால் வெள்ளை உடுத்திய பட்டணத்துக் கூட்டம். பீடத்தருகே வந்த முதலாளி குனிந்தார். கன்று இருந்த இடத்தில் கொத்திவிட்ட மண்தான் இருந்தது. மெல்ல நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவள் மடியில், புல்லுக்கு நடுவே, வால் நீண்ட அரசிலை இரண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் முகம் போன போக்கை நான் இன்றுவரை ரசிக்கிறேன், பாவம் என்று ஒரு தடவையும் தோன்றியதில்லை. ஆனால் லொறி ஓட்டி முன்னுக்கு வந்தவருக்கு வளைவில் வண்டியைத் திருப்பவா தெரியாது? ஒரு சாண் தள்ளி, காக்கை போட்ட விதையில் முளைத்த கொய்யாக் கன்று ஒன்று அம்மாவின் தயவில் தப்பி நின்றது. செம்பு நீரை அப்படியே அதன் தலையில் ஊற்றினார். கூட்டம் “சாது, சாது” என்றது. தேரர் பிரித் ஓதி ஆசீர்வதித்தார். நாலு பேர் ஓடிவந்து கொய்யாவைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி வேலி அடைத்தார்கள். பட்டணத்து அம்மா ஒருத்தி கொய்யாவைக் கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை வரம் கேட்டிருப்பாளோ என்னவோ.

பிறகு பாற்சோறு, தேநீர். அம்மாவையும் என்னையும் கோப்பை கழுவ விட்டார்கள். முதலாளி அப்பாவை ஓரமாய்க் கூப்பிட்டு, அங்கேயே இங்கிலீசில் எழுதிய கடிதத்தை நீட்டினார். அப்பா அதைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

படி இறங்கும்போது, “என்ன புள்ள எழுதியிருக்காரு? வாசி,” என்றார்.

வாசித்தேன். இந்த ஆளை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். ஒழுங்கானவர். குடும்பத்தோடு இந்தியாவிலுள்ள தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறார். சம்பந்தப்பட்டவர்கள் உதவ வேண்டும்.

அவ்வளவுதான். நீர் ஊற்றியது கொய்யாவுக்கு என்று தெரிந்த மூன்று பேரையும் கடல் தாண்டி அனுப்பிவிட்டால் அவர் புண்ணியம் பத்திரமாக இருக்கும். அப்பா கான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொந்த ஊர் என்று எழுதப்பட்ட இடத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. “அஞ்சு வருசமாத்தான் தெரியுமாமா?” என்று மட்டும் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், தான் பிடுங்கியதால்தான் எல்லாம் என்று.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இறங்கிய படிகளைத் திரும்ப ஏறினேன். முதலாளி தேரருக்கு அருகில் நின்று யாருக்கோ கன்றின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மரியாதையாகத்தான் சொன்னேன்.

“மாத்தயா, கடிதத்தில் பிழை இருக்கிறது.”

“பிழை ஒன்றும் இல்லை, போ.”

“அப்படியென்றால் நாயக்க தேரருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கிட்ட வந்து இந்தக் கன்றின் இலையையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். மற்றக் கன்று அம்மாவிடம் இருக்கிறது. வேர் அறவில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பேனா இருக்கிறதா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். இருபத்தைந்து வருடமாகத் தெரியும், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், ஒரு நாளும் நாட்டை விட்டுப் போகாதவர் என்று நான் சொல்லச் சொல்ல வேறொரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் மிரட்டி வாங்கிய ஒரே உண்மை அதுதான்.

வெற்றியோடு கீழே வந்து அப்பாவிடம் நீட்டினேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் ஒற்றைக் கையால் வாங்கி மடித்தார்.

“அவரா நெனச்சிப் பாத்து எழுதுவாருன்னு இருந்தேன். நீ மெரட்டி வாங்கிட்டு வந்திருக்க.”

“உண்மையத்தானப்பா எழுத வச்சேன்.”

“அது தெரியுது புள்ள,” என்றார். மறுநாள் விடியற்காலை அம்மா பெரட்டுக்குப் போகுமுன் மலையேறி, அந்த அரசங்கன்றை வேலிக்குள்ளேயே, கொய்யாவுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு அதோடு மனம் ஆறியது. அப்பாவுக்கு ஆறவில்லை.

விசாரணை மாத்தளையில் நடந்தது. அப்பாவுக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம் நன்றாகவே வரும், அதிகாரி முன்னால் வாய் எழும்பாது என்று என்னை வைத்துக்கொண்டார். மொழிபெயர்க்கிற ஆளும் அன்றைக்கு லீவு. அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். நல்ல கடிதம் என்றார். பிறகு பேனாவை எடுத்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டார்.

“இந்த முதலாளிக்கு உங்களை நன்றாகத் தெரியுமா?”

நான் தமிழில் கேட்டேன். அப்பா மேசைமேல் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன்.

“இல்லைங்க ஐயா,” என்றார் அப்பா. “தெரியும்னுதான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவருக்கு எங்களத் தெரியாதுங்க.”

அதிகாரி பேனாவை உயர்த்தி எனக்காகக் காத்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது.

“இருபத்தைந்து வருடமாக மிக நன்றாகத் தெரியும் என்கிறார்,” என்றேன் சிங்களத்தில்.

அவர் எழுதினார். எழுதி முடித்து, எனக்கு உயிர் போகிற மாதிரி, அப்பாவை நேராகப் பார்த்து, “அப்படித்தானே?” என்று சிங்களத்திலேயே கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். யாரிடமும் பொய் சொல்லாத மனிதர், மகளைக் காட்டிக்கொடுக்கவும் தெரியாதவர். கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, “எஹெமய் மாத்தயா,” என்றார்.

ஆமாம் என்று அர்த்தம். அந்த ஆமாமில்தான் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் ஆனோம்.